வலப்பக்க இருக்கை

1

இது முதலில் கதையே இல்லை, ஒரு கட்டுரை. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறேன் என்று கேள்விப்பட்டு, ஒஸ்லோவில் சிறு சஞ்சிகை நடத்தும் ஒருவர் தொலைபேசி எடுத்தார். "அக்கா, ஊருக்குப் போய் வாகனம் ஓடுற எங்கடை ஆக்களுக்கு உதவிற மாதிரி ஒண்டு எழுதுங்கோ. வீதி விதி, தண்டம், பத்திரம் எல்லாம் வரட்டும். கொஞ்சம் பகிடியாவும் இருக்கட்டும்." பகிடியாக எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. விமானத்திலேயே தொடங்கிவிட்டேன்.

அதில் மிஞ்சியது இவ்வளவுதான்:

இலங்கையில் இடப்பக்கமாக ஓட வேண்டும். வெளிநாட்டுச் சாரதிப் பத்திரத்தைக் காட்டி உள்ளூர் அனுமதி ஒன்றும் எடுக்க வேண்டும். எடுக்காமல் ஓடுவது குற்றம். நோர்வேயில் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓடுவோம். இங்கே பகலில் விளக்கோடு போனால், எதிரே வருகிற ஒவ்வொருவரும் கையை விரித்து மூடி, விளக்கு எரிகிறது என்று சைகை காட்டுவார்கள். நோர்வேயில் வேகம் சற்றுக் கூடினாலே வருகிற தண்டத்தைப் பார்த்துக் கை நடுங்கும். இங்கே பொலிஸ் மறித்தால் கை நடுங்க முன்பே வாய் கதைக்கத் தொடங்கிவிடும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் எப்போதும் —

இந்த இடத்தில் விட்டுவிட்டேன். எங்கள் ஆட்களைப் பற்றி அந்த வாக்கியத்தை முடிக்கிற யோக்கியதை இப்போது என்னிடம் இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

கதையாகவே எழுதுவோம் என்று நினைத்த பிறகு போட்ட முதல் தொடக்கம்:

'கனடாவில் இருந்து வந்திருந்த றஜிந்தன், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வானை ஓட்டிப் பார்க்கத் திறப்பைக் கேட்டான்.'

இரண்டாவது:

'கொடிகாமத்தில் பள்ளிக்கூட வான் ஓடும் பிரகலாதனுக்கு, வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாது.'

இரண்டாவதுதான் நல்லது. பிரகலாதன் என் சித்தியின் மகன், நாற்பத்தொரு வயது. காலையில் பதினாறு பிள்ளைகளை ஏற்றி யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் விடுவான். பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பான். இறங்கிய பிள்ளை படலையைத் திறந்து உள்ளே போகும் வரை வானை எடுக்க மாட்டான். பின்னால் நிற்கிற பேருந்து ஹோர்ன் அடித்துக் கத்தினாலும் எடுக்க மாட்டான். பதினொரு வருடமாக இப்படித்தான்.

அவனும் மனைவி கஜானியும் இருக்கிற வீட்டில், மின்விசிறி உள்ள அறை வந்தவருக்கு. பெரிய நண்டுக்கால் வந்தவருக்கு. வந்தவர் கேட்டால் வான் திறப்பும் வந்தவருக்கு. (பகிடி பண்ணவில்லை. அந்த மின்விசிறிக்குக் கீழே இருந்துதான் இதை எழுதுகிறேன்.)

3

சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் இல்லை. நண்டு வாங்க யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரைக்கு வானில் போயிருந்தோம்: றஜிந்தன், பிரகலாதன், பின் இருக்கையில் நான்.

நண்டை வாங்கிக்கொண்டு வெளிக்கிடும்போது றஜிந்தன் கையை நீட்டினான்.

"திறப்பை ஒருக்காத் தா. திரும்பிப் போகேக்கை நான் ஓடுறன்."

பிரகலாதன் தலையைச் சொறிந்தான். "இஞ்சத்தை அனுமதி எடுத்தனீங்களே?"

"ஒரு மாசத்துக்கு அது என்னத்துக்கு? இருபத்திரண்டு வருசமா ஓடுறன். ஒரு தண்டம் கட்டினதில்லை."

"ஓம், அது தெரியும்..." என்று இழுத்தவன், திறப்பைக் கொடுத்துவிட்டான்.

வீதியில் ஒரு வாகனமும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. முன்னால் ஒரு முச்சக்கர வண்டி போயிருந்தாலும் அதன் பின்னால் போயிருக்கலாம். வெறும் வீதியில் கை தனக்குப் பழகிய பக்கத்துக்கே போகும். றஜிந்தன் முறையாகக் கண்ணாடி பார்த்தான், முறையாகச் சமிக்ஞை விளக்கைப் போட்டான், முறையாக வலப்பக்கத்தில் ஏறி ஓடத் தொடங்கினான். கிட்டத்தட்ட இருநூறு மீற்றர். பிரகலாதன் குனிந்து நண்டுப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான்.

வளைவில் எதிரே கிறிஸ்துநாயகம் வந்தார். அறுபத்தாறு வயது, அந்தக் கரையில் தொழில் செய்கிறவர். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில், தன்னுடைய பக்கத்தில், சரியாகத்தான் வந்தார். தனக்கு நேரே ஒரு வான் வருவதைக் கண்டு வேலிப்பக்கம் வெட்டினார். வான் அவரில் முட்டவில்லை. ஆனால் சைக்கிளும் பெட்டியும் அவருடைய வலது கையின் மேல் விழுந்தன. எலும்பு முறிந்துவிட்டது.

4

றஜிந்தனில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அந்தக் கறுப்புக் கண்ணாடி எதற்கு? உங்களுக்கு அவனைப் பிடிக்கக் கூடாது என்பதற்காக நான் மாட்டிவிட்டது. பிடிக்காதவன் பிழை விட்டால் வாசகருக்கும் நிம்மதி, எழுதுகிறவளுக்கும் நிம்மதி. பின் இருக்கையில் இருந்த 'நான்' அந்தப் பகுதி முழுக்க ஒரு வார்த்தை பேசாததைக் கவனித்தீர்களா? பிழையான பக்கத்தில் இருநூறு மீற்றர் போகிற வானுக்குள் இருந்துகொண்டு, 'ஐயோ' என்றுகூடச் சொல்லாமல் ஒருத்தி இருப்பாளா?

இருக்க மாட்டாள். ஏனென்றால் பின் இருக்கையில் யாரும் இல்லை. றஜிந்தன் என்று ஒருவனும் இல்லை. வானில் இரண்டு பேர்தான். வலப்பக்க இருக்கையில், திறப்பைக் கேட்டு வாங்கி, ஓடியது நான். நோர்வேயில், ஸ்ரவங்கரில் வீடு வீடாகக் காரில் போய் வயதானவர்களுக்கு மருந்து கொடுக்கிறவள். இருபத்திரண்டு வருடம் தண்டம் கட்டாதவள்.

மேலே உள்ள பகுதியைத் திருத்தி எழுதலாம். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். எவ்வளவு சுலபமாக எழுத வந்தது என்பதை நீங்களும் பார்க்க வேண்டும்.

5

பிரகலாதன் குதித்து ஓடிப் போய்க் கிறிஸ்துநாயகத்தைத் தூக்கி வேலியோரம் இருத்தினான். உயிருக்கு ஒன்றுமில்லை என்று கண்டதும் திரும்பி ஓடிவந்து என் பக்கக் கதவைத் திறந்தான்.

"அக்கா, இறங்குங்கோ. கெதியா. அங்காலை போய் இருங்கோ."

நான் இறங்கினேன். அவன் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானாக இறங்கி, வானைச் சுற்றி நடந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தேன். ஆசனப் பட்டியும் போட்டேன். (ஓடாமல் நிற்கிற வானில் பட்டி போட்டுக்கொண்டு இருந்தவளை நினைத்துப் பாருங்கள். விதிகளை மதிக்கிறவள்.)

சனம் கூடியது. பொலிஸ் வந்தது.

"ஆர் ஓடினது?"

"நான்தான் சேர்."

"பிழையான பக்கத்தாலை ஏன் வந்தனீர்?"

"கவனிக்கேல்லை சேர்."

பதினொரு வருடமாகப் படலையைத் திறந்து மூடுகிற பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்தவன், கவனிக்கவில்லை என்று சொன்னான். எழுதிக்கொண்டார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவனுடைய சாரதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தற்காலிகமாக ஒரு துண்டு கொடுத்தார்கள். வழக்குத் தவணை இருபத்துநான்காம் திகதி. என் விமானம் இருபத்தொன்றாம் திகதி.

வீட்டுக்கு வரும் வழியில் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"உங்களைப் பிடிச்சால் பாஸ்போட்டை வாங்கி வைச்சிடுவினம் அக்கா. அங்கை உங்கடை வேலை என்னாகும்? எனக்கெண்டால் ஒரு தண்டத்தோடை முடிஞ்சிடும்."

6

தண்டத்தோடு முடியவில்லை.

திங்கட்கிழமை வானில் ஒன்பது பிள்ளைகள். வியாழக்கிழமை ஆறு. இன்று நான்கு. சந்தையடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது: பள்ளிக்கூட வான்காரன் வெறும் வீதியில் பிழையான பக்கத்தால் ஓடி ஒரு மனிசனை விழுத்திப்போட்டான்.

ஒரு தாய், பிள்ளையைத் தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார் என்றாள். இன்னொருத்தி, பிள்ளைக்கு வானில் தலை சுற்றுகிறது என்றாள். கஜானிதான் எனக்குச் சொன்னாள். "ஒருத்தரும் ஏசேல்லை மச்சாள். ஏசினாலாவது மறுமொழி சொல்லலாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றும் பெரிய நண்டுக்கால் என் சாப்பாட்டுக் கோப்பையில்தான் கிடந்தது.

7

தோடம்பழமும் வாங்கிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன். கிறிஸ்துநாயகம் மாவுக் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினார்.

"பிள்ளை, நீர்தானே ஓடினது."

நான் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

"என்ரை கண்ணுக்கு நேரை வந்தனீர். முகம் மறக்குமே?"

"பொலிசுக்கு ஏன் ஐயா சொல்லேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அதுக்கிடையிலை அந்தத் தம்பி தன்ரை தலையிலை போட்டிட்டான். அவனைப் பொய்யனாக்க எனக்கு மனம் வரேல்லை." பழப் பையை இடது கையால் வாங்கி மேசையில் வைத்தார். "கை சுகம் வரும். அதைப் பற்றி யோசியாதையும்."

(குறிப்பு: இந்தப் பகுதியில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. சேர்க்க ஆசைப்பட்டேன். அவர் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.)

8

முடிவுகள்.

ஒன்று: நான் விமானம் ஏறுகிறேன். வழக்கில் பிரகலாதன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். பத்திரம் சில மாதம் நிறுத்தப்படலாம், படாமலும் விடலாம். தாய்மார் காலப்போக்கில் மறந்து — இல்லை. பிள்ளையை ஏற்றி அனுப்புகிற விஷயத்தில் தாய்மார் மறக்க மாட்டார்கள். (இதுதான் சுலபமாக நடக்கக்கூடியது. அதனால்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.)

இரண்டு: பொலிசுக்குப் போய் உள்ளதைச் சொல்கிறேன். அனுமதி இல்லாமல் ஓடியது, பிழையான பக்கத்தால் ஓடியது, மறைத்தது எல்லாம் என்மேல் வரும். ஆனால் பொய் வாக்குமூலம் கொடுத்ததும், அனுமதி இல்லாதவளிடம் வானைக் கொடுத்ததும் அவன்மேல் வரும். அவனைக் காப்பாற்றப் போய் இன்னொரு வழக்கில் மாட்டிவிடவும் கூடும். ஆனாலும் அவன் பிழையாக ஓடவில்லை என்பது ஊருக்குத் தெரியவரும்.

மூன்று: கிறிஸ்துநாயகமே நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்கிறார். கதைக்கு இது வடிவான முடிவு. ஆனால் கையை முறித்தது போதாதென்று, நான் செய்ய வேண்டியதையும் அவர் தலையில் கட்டுகிறேன். வெட்டிவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம், இதுவரை எழுதியதைப் பிரகலாதனுக்கு வாசித்துக் காட்டினேன். குசினி வாசலில் குந்தியிருந்து கேட்டான். படலைப் பகுதி வந்தபோது சிரித்தான்.

"நல்லா இருக்கு அக்கா. உள்ளதை எழுதிப்போட்டியள்தானே. அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

"காணுமே?"

"எனக்குக் காணும்."

கஜானி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "எனக்குக் காணாது."

9

அவள் சொன்னது சரி. சஞ்சிகைக்காரர் இதற்கு மேலே 'சிறுகதை' என்று போடுவார். ஒஸ்லோவில் படிக்கிறவர்கள் நல்ல கற்பனை என்பார்கள். கொடிகாமத்துத் தாய்மாரில் ஒருத்தியும் படிக்க மாட்டாள். எழுதி முடித்தால் மனம் ஆறும் என்பதும் எனக்குத் தெரியும். ஆறிய மனதோடு விமானம் ஏறிவிடுவேன் என்பதுதான் என் பயம். அதனால் இதை முடிக்காமல் விடுகிறேன்.

இன்று பதினெட்டாம் திகதி.

நான் இரண்டாவது முடிவைத்தான் செய்தேன் என்று இங்கே எழுதலாம். என்னை நீங்கள் எப்படி நம்புவீர்கள்? றஜிந்தனையும் நான்தானே எழுதினேன். ஆகவே என்னைக் கேட்காதீர்கள். விடுமுறைக்கு வருகிறவராக இருந்தால், ஒரு காலை ஆறரை மணிக்குக் கொடிகாமம் சந்தையடியில் நின்று பாருங்கள். நீல நிற வான் ஒன்று வரும். அதற்குள் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.