ஏழாம் சதுரத்தின் தகடுகள்

...ஒன்று என்றால் காற்றில் கழன்றது எனலாம், இரண்டு என்றால்கூட எப்படியாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் நான்கு தகடு, நான்கிலும் ஏழு என்று பொறித்திருக்கிறது, அம்மாவின் கோட்டுப் பாக்கெட்டில், துளிக் கரி இல்லாமல்... துவைக்கப் போடும்முன் பாக்கெட்டைத் துழாவினால் பேனா கிடைக்கும், புல் விதை கிடைக்கும், இது கிடைக்கும் என்று யார் கண்டது? சலவை இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடியே நின்றாள். அம்மாவின் ஆராய்ச்சிப் புல்வெளியில் எந்தச் சதுரத்தைக் கொளுத்தினாலும் முதலில் நான்கு மூலை முளைகளிலும் உள்ள எண் தகடுகளைக் கழற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் கருகிப்போகும், அது அம்மா வகுத்த முறை. ஆனால் ஏழு கொளுத்தவே கூடாத சதுரம், ஆராய்ச்சிக்காகப் பன்னிரண்டு வருடம் தீ படாமல் காத்தது. செவ்வாய்க்கிழமை அதுதான் எரிந்தது. காவல்காரர் வீசிய சிகரெட்டால் என்று அம்மாவே எழுதிக் கொடுத்திருக்கிறாள். சிகரெட்டை வீசுகிறவன் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டா வீசுவான்?

எந்நேரமும் வாய் பிளந்து நிற்பதால் அந்தக் காவல்காரருக்குப் பெயரே கொட்டாவி அண்ணன். காலையில் கேட்டருகே பிடித்துக்கொண்டார். "பாப்பா, சிகரெட்ட விட்டு எட்டு மாசமாச்சு, இப்ப மிட்டாய்தான், அதுல நாலு பல்லு போச்சு. பொண்டாட்டியே நம்ப மாட்டேங்கறா, ஆபீஸா நம்பப் போவுது?" சிரித்தார். நாலு மணிக்கு விசாரணை, வேலை போய்விடும். இப்போது மூன்றே கால். சீ, பெற்ற தாயைப் போய்... ஆனால் அம்மா எதற்குக் கொளுத்த வேண்டும்? பூமியின் சூடு ஏற ஏற, தீ படாத புல்வெளியில் புதர் மண்டும், சின்னப் பூச்செடிகள் அற்றுப்போகும், வருடா வருடம் அம்மா எழுதியது இதைத்தான். போன மாதம் லீவில் ஏழாம் சதுரத்தில் குனிந்து எண்ணியது இவள். நாற்பத்தொரு பூச்செடி, அம்மாவின் கணக்குப்படி நான்கைந்துதான் மிஞ்சியிருக்க வேண்டும்! துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள், அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "சரியா எண்ணினியாடி? திரும்ப எண்ணு." திரும்பவும் நாற்பத்தொன்று, மூன்றாம் தடவையும் நாற்பத்தொன்று. அன்று அம்மா சாப்பிடவில்லை, தலைவலி என்றாள்... தலைவலிதானா? ஏன் நான்கைந்து என்று சொல்லித் தொலைக்கவில்லை? நான் எண்ணியதாலா எரிந்தது அது?

"என்னடி, மிஷின் சத்தத்தையே காணோம்?"

"போடறேம்மா." தகடுகள் உள்ளங்கையில் குத்தின. செருப்புச் சத்தம் அறை வாசல்வரை வந்து நின்றது. "போன மாசம் எண்ணினியே, அந்தத் தாள் ஒங்கிட்டயா இருக்கு?" கோபமே இல்லை குரலில், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது வருகிற குரல். தாள் அவளுடைய புவியியல் புத்தகத்துக்குள் மடித்து இருந்தது. "தூக்கிப் போட்டுட்டேம்மா." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, யாரிடம் கற்றேன் இதை... அம்மா நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று காத்திருந்தாள். விடவில்லை. கொட்டாவி அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அம்மாவின் கண் கோட்டின் மேல் போனது, வெளியே இழுத்துவிட்ட பாக்கெட்டின் மேல் போனது, மெதுவாக இறங்கி அவளுடைய மூடிய கையில் நின்றது. இத்தனை நேரமும் தான் அம்மாவை எப்படிச் சந்தேகித்தாளோ, அம்மா அப்படியே தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.