கட்டுபடியாகும் மருமகள்

சீனி கிடையாத காலமென்பதால் பனங்கட்டித் துண்டோடு கொடுத்த தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, ஞானாம்பிகை கோப்பையைக் கீழே வைத்தாள். வைத்த விதத்திலேயே விலை ஏறப்போகிறது என்று பெண்ணின் தகப்பன் பரமலிங்கத்துக்குப் பட்டுவிட்டது. கொடிகாமம் சந்தையில் வாழ்நாளெல்லாம் வெங்காயம் விற்றவருக்கு, முகச்சுளிப்பின் பொருளைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

"வீடும் வளவும் பிள்ளையின்ரை பேரிலை எழுதுறியள், அதிலை குறையில்லை," என்றாள் மாப்பிள்ளையின் தாயான அவள். "டொனேசனைத்தான் கொஞ்சம் கூட்ட வேணும்."

சீதனம் பெண்ணுக்கு; டொனேசன் மாப்பிள்ளை வீட்டாருக்கு. நன்கொடை என்று பொருள்படும் அந்தச் சொல்லை யாழ்ப்பாணம் இங்கிலீசிலிருந்து இறக்கியபோது, மனமுவந்து கொடுப்பது என்ற பகுதியைக் கப்பலிலேயே விட்டுவிட்டது.

கூட்டுவதென்றால் கிணற்றோடு சேர்ந்த வெங்காயத் தோட்டத்தை விற்கவேண்டும். விற்றால், பிறகு அவர் கொத்தப்போவது பிறத்தியாருடைய மண்ணைத்தான்.

"ஏன் தங்கச்சி, போன கிழமை பேசி முடிச்சதெல்லோ?" என்று கேட்டார் பரமலிங்கம்.

விடை ஞானாம்பிகையின் தமையன் சிவசுப்பிரமணியத்திடமிருந்து வந்தது. தங்கை மகனான மாப்பிள்ளை யோகராசா கனடாவில், ரொறன்ரோவில் பலசரக்குக் கடை திறந்த நாள்முதல், ஒன்ராறியோ மாகாணத்தின் தொழிற்சட்டம் முழுவதும் இவருடைய நாவில் குடியேறியிருந்தது.

"அண்ணை, இஞ்சை மாதிரி இல்லை அங்கை. கடைக்கு ஒரு ஆளை வைச்சால் சம்பளத்தோடை முடியாது. அவன் லீவிலை வீட்டை கிடந்தாலும் லீவுக் காசு. பெருநாளுக்குக் கடையைப் பூட்டினாலும் காசு. கூட நேரம் நிண்டால் ஒண்டரை மடங்கு. அவன்ரை பென்சனுக்கும் முதலாளி பங்கு கட்ட வேணும். சரி, போடா எண்டு கலைப்பமெண்டால், கனநாள் நிண்டவனை உடனை கலைக்கவும் ஏலாது. முன்கூட்டி எழுத்திலை குடுக்க வேணும். பொடியன் நொந்து போனான்."

"பாவம்," என்றார் பரமலிங்கம், மெய்யாகவே இரங்கி. தம்முடைய தோட்டத்தில் புல்லுப் பிடுங்குபவர்களுக்குப் பெருநாளில் அவர் வாழ்த்து மட்டுமே கொடுத்து வந்தவர்.

"அதுதான் கலியாணத்தைக் கெதியா முடிப்பம்," என்றாள் ஞானாம்பிகை. "உங்கடை மகள் குணலட்சுமி சங்கக்கடையிலை கணக்குப் பாத்த பிள்ளை. காசு மேசையிலை இவள் இருந்தால் சம்பளத்துக்கு நிக்கிற ஆளை நிப்பாட்டலாம். பெண்சாதிக்கு உந்த லீவுக் காசும் பென்சனும் ஆர் குடுக்கிறது? டொனேசன் வந்தால் கடையையும் பெருப்பிப்பான்."

காட்டிலே நரியொன்று வண்டில் வைத்திருந்ததாம். மாட்டை வேலைக்கு அமர்த்தினால் வைக்கோல் போடவேண்டுமே என்று யோசித்து, பசுவொன்றுக்கு மாலையிட்டதாம். பசு வண்டிலையும் இழுத்தது. சீதனமாக வைக்கோற்போரையும் கொண்டுவந்தது. நரியின் புத்தியைக் காடே மெச்சியது. பசுவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இங்கேயோ, பசு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

குணலட்சுமி பயத்தம் பணியாரத் தட்டோடு வந்தாள். தட்டை வைத்தவள் உள்ளே திரும்பாமல் நின்றாள்.

"மாமா, ஒண்டு கேக்கட்டோ? அங்கை வேலைக்கு வாற ஆக்கள் முதலாளிக்கு டொனேசன் குடுக்க வேணுமோ?"

"சீச்சீ!" என்றார் சிவசுப்பிரமணியம். "வேலைக்கு வாறவனிட்டைக் காசு வாங்கினால் ஊர் காறித் துப்பாதோ? முதலாளியெல்லோ குடுக்கிறது!"

"அப்ப எனக்குக் கலியாணம் வேண்டாம். உங்கடை மருமோனை என்னை வேலைக்கு எடுக்கச் சொல்லுங்கோ. லீவுக் காசு, பெருநாட் காசு, பென்சன் எல்லாம் சட்டப்படி தரட்டும். என்னைப் பிடிக்காட்டில் முன்கூட்டி எழுத்திலை தரட்டும், நான் போயிடுவன்."

சிவசுப்பிரமணியம் பதறிப்போனார். "ஐயோ பிள்ளை, அது அவனுக்குக் கட்டாது!"

"கட்டாதெண்டால் கட்ட வேண்டாம், மாமா," என்றாள் அவள், கோப்பைகளை அடுக்கியபடி.

ஞானாம்பிகை விசுக்கென்று எழுந்தாள். "பிள்ளையை நல்லா வளத்து வைச்சிருக்கிறியள்!"

"ஓம் தங்கச்சி," என்றார் பரமலிங்கம் பெருமையோடு. அது வசவு என்று விளங்குமுன் அவர்கள் படலையைத் தாண்டிவிட்டார்கள்.

தோட்டம் தப்பியது. ஒருவரும் தொடாத பணியாரமொன்றை எடுத்துப் பரமலிங்கம் நிம்மதியாகக் கடித்தார்.

"அப்பா," என்றாள் மகள். "வாற பொங்கலுக்குப் புல்லுப் பிடுங்கிற ஆக்களுக்கு லீவோடை கூலியும் குடுப்பமோ?"

"அது கட்..." என்று தொடங்கியவர், அவளுடைய முகத்தைப் பார்த்தார். மிச்சச் சொல்லைப் பணியாரத்தோடு சேர்த்து விழுங்கினார்.