திரையில் ஒரு சிறு மேடு

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி. போகிறது, வருகிறது. போகிறது, வருகிறது. வெளியே ஐப்பசி மழை, பகலை இருட்டாக்கிக்கொண்டு.

நடுவில் ஒற்றை அணு. ஒளியை வாங்குகிறது, விடுகிறது. விட்டதை, சுற்றியிருக்கும் இரைச்சல் தின்றுவிடும். தின்றது திரும்பாது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த ஜெசிந்தா அளக்கும் நாட்களில் மட்டும் திரும்புகிறது. ஒளி குறையக் குறையச் சரிந்து இறங்கும் கோட்டின் கடைசியில், திரையில், ஒரு சிறு மேடு. இரைச்சலுக்கும் நினைவு உண்டு என்று சொல்லும் மேடு.

நான் அளந்தால் மேடு இல்லை. வெறும் சரிவு.

அவள் மேட்டைப் பார்த்துப் பேராசிரியர் பூரித்துப்போனார். கட்டுரை நாளை இதழுக்குப் போகிறது. என் பெயர் முதலில், அவள் பெயர் அடுத்து. பொய் என்று தெரிந்தால் இரண்டு பெயரும் கெடும்.

மேட்டை அவளே வரைகிறாளோ. அவள் சிரிப்பைச் சந்தேகித்தேன். அவள் மௌனத்தைச் சந்தேகித்தேன். ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த மக்ரூனை வாயில் வைத்துக்கொண்டே சந்தேகித்தேன்.

அளக்கும்போது ஏசியை அணைத்துவிடுவோம். அதன் அதிர்வு ஒளியைக் கலைக்கும். இன்று அந்தப் புழுக்கத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

“என்னக்கா, போலீஸ்காரி மாதிரி நிக்கிய?”

“சும்மாதான்.”

“சும்மாவா? ஒரு வாரமா என் கையவே பாக்கிய.”

அவள் எதையும் தொடவில்லை. மேடு வந்தது.

அப்போதுதான் மேசையோரம் பார்த்தேன். மிச்ச ஒளியை வெளியே கொண்டுபோகும் கண்ணாடி இழை. அதன் நுனியில் நான் ஒரு சொட்டுப் பசை வைப்பேன், ஒளி அதில் கரைந்து போய்விட. பசை இல்லாத நுனி ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். இந்த நுனி பசையில்லாமல் பளபளத்தது.

பக்கத்தில் நின்று பார்த்துப் பழகும் வேலை அது. அவளை நான் பக்கத்தில் நிற்கவிட்டதில்லை.

பசையை வைத்தேன். மறுபடி அளந்தோம். மேடு இல்லை. நினைவும் இல்லை. இதுவரை வந்தது வெறும் பிரதிபலிப்பு.

இன்னொரு முறை அளக்க ஓட்டிவிட்டு, ஜெசிந்தா நுனியைப் பார்த்தாள். பிறகு என்னை.

“நான் வரைஞ்சேன்னுதான நெனச்சிய?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு கணம் தாமதமாகிவிட்டது. அவளுக்கு அந்தக் கணம் போதுமாக இருந்தது.

“கட்டுரைய நிறுத்தச் சொல்லி சார்ட்ட நானே சொல்லிருதேன், மேடம்.”

மேடம்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அவள் ஓட்டிவிட்டுப் போன அளவீடு இன்னும் முடியவில்லை. கோடு சரிந்துகொண்டே போனது. கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் திரும்பி வரவில்லை.