பன்னிரண்டாவது பகுதி

கடல்வரை போய்வந்த படகுகளை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். விட்டுவைத்தால் உப்பு திருகாணிகளைத் தின்றுவிடும். பதினோரு வருஷமாகக் கழுவிக் கழுவி, யார் எதுவரை போனார்கள் என்பதை உப்பு படிந்த கோட்டைப் பார்த்தே டீச்சர் சொல்லிவிடுவாள். படகின் மூக்கில் மட்டும் வெள்ளை படிந்திருந்தால் கடைசி வளைவிலேயே பயந்து திரும்பிய கூட்டம். இருக்கைவரை பூத்திருந்தால் அலையைத் தொட்டுவிட்டு வந்தவர்கள். அந்தப் படகுகளில் கால் வைக்கும் குழியில் ஒரு கை கடல்தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அதைக் கவிழ்த்துக் கொட்டுவதும் அவள் வேலைதான்.

டீச்சர் என்பது படகுத்துறைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். துடுப்பை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எப்படித் திருப்புவது, கவிழ்ந்தால் எப்படி மறுபடி ஏறுவது எல்லாம் அவள் சொல்லித்தருவாள். முதல் பாடமே தண்ணீரில் விழுவதுதான். காசு கொடுத்து வந்தவர்கள் அதற்கு முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு ஊருக்குப் போய் அதைத்தான் பெருமையடித்துக்கொள்வார்கள்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஆற்றுவழிக்கு ஒரு கையேடு எழுதியிருக்கிறாள். நனையாத அட்டை, உள்ளங்கை அகலம், பன்னிரண்டு பகுதிகள். எந்தத் திருப்பத்தில் பாறை, எந்தக் கரையில் இறங்கினால் சேறு, எங்கே எருமைகள் குறுக்கே வரும் என்று அத்தனையும் அதில் இருக்கும். எழுதச் சொன்னது முதலாளி. எழுதியது அவள், ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகு, மகளின் பழைய கணக்கு நோட்டில்.

முதல் பதினோரு பகுதிகள் அவள் துடுப்பு போட்டுப் பார்த்தவை. பதினோராவது பகுதி மணல்துறையில் முடியும். அதுவரைக்கும்தான் சாலை, வேன் அங்கே வந்து படகுகளை ஏற்றிக்கொள்ளும். எப்போதாவது ஒரு கூட்டத்தை அவள் அதுவரை கூட்டிப்போயிருக்கிறாள். அங்கிருந்து அரை மணி நேரம் போனால் முகத்துவாரம், கடல். அதுதான் பன்னிரண்டாவது பகுதி. அதை மட்டும் அவள் பார்த்ததில்லை.

நம்புவதற்குக் கஷ்டம்தான். ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பெரும்பாலும் பாதி வழியில் பாலத்தோடு திருப்பிக் கூட்டிவந்துவிட வேண்டும். பத்து மணிக்குத் திரும்பினால் பதினொன்றுக்கு அடுத்த கூட்டம். நன்றாகத் துடுப்பு போடத் தெரிந்தவர்கள் தாங்களாகவே கடலுக்குப் போய்க்கொள்வார்கள். அவர்களுக்கு டீச்சர் எதற்கு? வார விடுமுறையில் ஓட்டை அடைப்பது, கயிறு மாற்றுவது. வேலை செய்கிறவர்கள் சொந்தத்துக்குப் படகு எடுக்கக் கூடாது என்று கொட்டகைச் சுவரில் எழுதியே போட்டிருந்தது. பன்னிரண்டாவது பகுதி பாக்கி என்று அவள் சொன்னபோது அச்சகத்துக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"யாரையாவது கேட்டு எழுதிடேன். கடல் எங்க ஓடிடப் போகுது? அடுத்த வாரம் போய்ப் பார்த்துக்கலாம்," என்றார் முதலாளி.

அந்த அடுத்த வாரம் ஏழு வருஷமாக வரவில்லை.

கையில் குழாயைப் பிடித்தபடி, திரும்பிவந்த முப்பத்தொரு பேரைக் கேட்டுத்தான் அவள் அந்தப் பகுதியை எழுதினாள். மணல்திட்டு எந்தப் பக்கம்? தண்ணீர் எங்கே நிறம் மாறுகிறது? காற்று கன்னத்தில் அடிக்கிறதா, முகத்தில் அடிக்கிறதா? பேருக்குப் பதில் சொன்னவர்கள்தான் அதிகம். ரிட்டயரான நர்ஸ் அம்மா ஒருத்தர் மட்டும் ஈர உடையோடு நின்று யோசித்து யோசித்துச் சொன்னார். அவர் சொன்னதை வைத்து எழுதியதுதான் அந்தப் புத்தகத்திலேயே எல்லோருக்கும் பிடித்த இடம்: 'கடைசி வளைவில் துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். அவசரப்படாதீர்கள். கொஞ்ச நேரத்தில் படகு தானாக ஒருமுறை எழும்பி இறங்கும். கடல் உங்களைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம்.'

அந்தப் பக்கத்தை விரித்து வைத்துத்தான் எல்லோரும் கையெழுத்துக் கேட்பார்கள். திருட்டுப்பொருளுக்கு ரசீது எழுதுகிறவளைப்போல அவள் குனிந்துகொண்டே போட்டுக் கொடுப்பாள்.

"அவ்வளவு ஆசையா இருந்தா பஸ் ஏறிப் போய்ப் பாரேன். அரை மணி நேரத்துல கடற்கரை," என்பான் அவள் கணவன். அவனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை.

"பஸ்ல போய்ப் பார்த்த கடல் வேற."

"கடல்ல என்ன வேற? நூலாசிரியர் சொன்னா சரிதான். ஆனா நூலாசிரியருக்குச் சொந்தமா ஒரு துடுப்புகூடக் கிடையாது, அதையும் புத்தகத்துல போட்டிருக்கலாம்."

அவள் சிரித்துவிடுவாள். வேறு என்ன செய்ய? கடற்கரையில் நின்று பார்த்தால் கடல் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது. ஆற்றின் வழியாகப் போய், பதினோரு பகுதியையும் கடந்து, கடைசியில் அது தன் படகைத் தூக்குவதை இடுப்பில் உணர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. துணி துவைக்கிறபோதும் அந்த ஏக்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். இப்படி விளக்கிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது படகுத்துறையை விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் மோட்டார் படகு விடப்போகிறார்கள். மோட்டார் படகுக்கு டீச்சர் வேண்டாம். பழைய படகுகள் லாரி ஏறி எங்கோ போகின்றன. கையேட்டை மட்டும் படங்களோடு மறுபடி அச்சடிக்கப்போகிறார்களாம்.

"நாளான்னைக்கு லாரி வருது," என்றார் முதலாளி. சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே பேசுவது அவர் பழக்கம். மோசமான மனிதர் இல்லை. "ஒத்தையாள் படகு ஒண்ணை நாளைக்கு எடுத்துக்கோ. கடலைப் பார்த்துட்டு வா. வேன் வந்து கூட்டிட்டு வரும். புதுசா வர்றவங்ககிட்டயும் உன்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன், டிக்கெட் குடுக்கிற வேலையாவது இருக்கும்."

மறுநாள் விடிகிற நேரத்தில் அவள் கிளம்பினாள். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. பதினோரு வருஷத்தில் தலை எண்ணாமல் துடுப்பு போட்டது அன்றைக்குத்தான். இருந்தும் பழக்க தோஷம், பாலத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். தண்ணீர்தான் இருந்தது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பாலத்தைத் தாண்டியதும் வாய்விட்டு ஏதோ பாட்டுக்கூடப் பாடினாள்.

அவளிடம் கணக்கு இருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கும். ஏறுகிற தண்ணீரும் வெளியே போகிற ஆறும் முகத்துவாரத்தில் முட்டிக்கொள்ளும். அங்கே எழும் அலை சின்னப் படகைப் புரட்டிப்போட்டுவிடும். ஒரு தடவை புரண்ட படகு மட்டும் மணல்துறைக்கு வந்து சேர்ந்தது. ஆளை மீனவர்கள் தூக்கிவந்தார்கள். 'தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு மணல்துறையைத் தாண்டி யாரும் போகக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் புத்தகத்தில் போட்டதே அவள்தான். பதினொரு மணிக்குள் கிளம்பினால் நன்றாகப் போய்வரலாம். அவள் மணல்துறையைத் தொட்டபோது மணி ஒன்பதரை.

அங்கே வேன் நின்றது. பக்கத்தில் அவள் கொழுந்தன், வேன் ஓட்டுகிறவன், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனோடு கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர் நின்றார்.

"என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?"

"முதலாளி போன் பண்ணச் சொன்னாரு அண்ணி," என்று அவன் எண்ணை அழுத்திப் போனை நீட்டினான்.

"அவரு புது ஆளுங்க அனுப்பின போட்டோக்காரர்மா," என்றது முதலாளியின் குரல். "புத்தகத்துக்குக் கடைசி வளைவு, முகத்துவாரம் ரெண்டும் படம் வேணுமாம். துடுப்பு போடத் தெரியுமாம். அந்தப் படகைக் கொஞ்சம் குடு. ஒரு மணி நேரம்தான், அப்புறம் நீ போ. நல்லபடியாப் பார்த்துக்கோ, உனக்கும் நல்லது."

"வேற படகு ஏத்தி அனுப்பியிருக்கலாமே."

"எல்லாத்தையும் லாரிக்குக் கட்டிப் போட்டாச்சு. நீதான் இருக்கியே அங்க."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷத்தில் அந்தச் சொல் அவள் வாயில் ஒருமுறைகூட வந்ததில்லை. இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? வாய் திறந்ததும் வந்தது வேறு. "லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் போட்டுக்கங்க. மணல்திட்டு இடது பக்கம், வலது கரையை ஒட்டியே போங்க. பத்தே முக்காலுக்குள்ள இங்க இருக்கணும். தண்ணி ஏறிட்டா வம்பு."

"உங்க புத்தகத்தை மூணு தடவை படிச்சிருக்கேன் டீச்சர்," என்றார் அவர். நல்ல சிரிப்பு. அவள் முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் கைவைத்துத் தள்ளிவிட்டாள். எத்தனையோ பேரைத் தள்ளிவிட்ட கை.

நாணல் மறைத்த திருப்பத்தில் படகு மறைந்தது. அதற்கப்பால் கடலின் இரைச்சல் கேட்டது. தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்துவிட்டு அவள் மணலில் உட்கார்ந்தாள். பத்தே முக்கால் ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கொழுந்தன் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினான். அவள் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

"கவுந்துட்டாரோ அண்ணி?"

"இல்ல. தண்ணி ஏறுறவரைக்கும் அங்க கவுக்கிற அலை கிடையாது."

பதினொன்றரைக்கு எழுந்து நின்றாள். பன்னிரண்டுக்குக் குச்சியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. ஒரு சருகு எந்தப் பக்கமும் போகாமல் அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக மேல்நோக்கி நகர்ந்தது. அவள் சருகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்குப் படகு வந்தது. கடைசித் தூரத்தை ஏறுகிற தண்ணீர் தள்ளிவிட, துடுப்பே போடாமல் வந்து சேர்ந்தார் அவர். தலையெல்லாம் ஈரம்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். தப்பு என்மேல இல்ல, உங்க புத்தகத்துமேலதான். கடைசி வளைவுல துடுப்பை மடியில வச்சுட்டுச் சும்மா இருக்கச் சொன்னீங்க. அவசரப்படாதீங்கன்னு சொன்னீங்க. உட்கார்ந்துட்டேன். நேரம் போனதே தெரியல. கடைசியில அது தூக்குச்சு பாருங்க." அவர் கையை மேலே உயர்த்திக் காட்டினார்.

கொழுந்தன் அவள் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான். "ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க அண்ணி. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவள் குச்சியைப் பார்த்தாள். தண்ணீர் இரண்டு விரல் ஏறியிருந்தது.

"கொட்டை எழுத்துல எழுதினது நான்தானே தம்பி," என்றாள்.

வேனில் படகை ஏற்றிக் கட்டிய பிறகு, அவள் பையிலிருந்து பென்சிலையும் நோட்டையும் எடுத்தாள். போட்டோக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "சார், ஒரு நிமிஷம். மணல்திட்டு இன்னும் இடது பக்கம்தானே? தண்ணி எந்த இடத்துல நிறம் மாறுச்சு? காத்து கன்னத்துலயா, முகத்துலயா?" அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். முப்பத்திரண்டாவது ஆள்.

கடைசியாக, நோட்டை மூடிவிட்டு, "தூக்கினப்போ எப்படி இருந்துச்சு?" என்றாள்.

அவர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா? நீங்க எழுதினது அப்படியே இருக்கு."

அவள் தலையாட்டினாள்.

படகுத்துறையில் மற்றப் படகுகள் கயிற்றால் கட்டப்பட்டு அடுக்கடுக்காகக் கிடந்தன. போட்டோக்காரரோடு முதலாளி அலுவலக அறைக்குள் போய்விட்டார். அவளும் கொழுந்தனும் ஒற்றைப் படகைத் தூக்கிவந்து புல்தரையில் வைத்தார்கள். மூக்கிலிருந்து இருக்கைவரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நாளைக்கு லாரி ஏறப்போறதுதானே அண்ணி, கழுவணுமா?"

"உப்போட அனுப்பக் கூடாது."

அவன் குழாயை இழுத்துவரப் போனான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுக்குள் ஏறி உட்கார்ந்தாள். கால் குழியில் ஒரு கை தண்ணீர் கிடந்தது. வேனில் வெயில்பட்டு வெதுவெதுப்பாகியிருந்தது. இரண்டு பாதத்தையும் அதில் வைத்து, துடுப்பை எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

குழாயோடு வந்தவன் நின்றுவிட்டான். சற்று நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"அண்ணி, தண்ணியைத் திறக்கட்டுமா?"

"கொஞ்சம் இரு தம்பி," என்றாள். "அவசரப்படாத."

அலுவலக அறைக்குள்ளிருந்து முதலாளி அவளைக் கூப்பிட்டார். ஒற்றைப் படகையும் மற்றதோடு சேர்த்துக் கட்டிவிடச் சொன்னார். அவள் இறங்கி, படகை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். தேங்கியிருந்த தண்ணீர் புல்லில் கொட்டி ஓடியது.