கணக்கு டீச்சரின் சிரிப்பு

லிஃப்ட் மெக்கானிக் வந்து நின்றபோது, உளவியல் துறையின் சின்ன அறையில் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் பூனை. நடந்தால் சத்தம் வராது, வாயைத் திறந்தால் அதைவிட வராது என்று கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் அது. ஆனர்ஸ் படிப்பின் கடைசி வருடம். நாள்பட்ட நோய் புகுந்த வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எதை மறைக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. "கல்யாணமே ஆகல, அதுக்குள்ள அடுத்த வீட்டு ரகசியம் கேக்குதா உனக்கு?" என்று சிநேகிதிகள் கிண்டலடிப்பார்கள்.

அவரைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சட்டையில் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். போன முறை ஆய்வுப் பேட்டிக்கு மனைவியைக் கைத்தாங்கலாக, படிக்குப் படி நிறுத்தி மூச்சு வாங்க விட்டுக் கூட்டிவந்தவர், இன்று தனியாக வந்திருந்தார்.

"போயிட்டாம்மா," என்றார். "போன மாசம்."

பூனை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் மனைவி சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர். பேட்டிக்கு வந்த அன்று, டீச்சரை உள்ளே உட்காரவைத்துவிட்டு அவர் பூனையை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "அவளுக்கு வெறும் அல்சர்னுதாம்மா சொல்லி வெச்சிருக்கேன். டாக்டரையும் அப்படியே சொல்லச் சொல்லிட்டேன். வாய்தவறி எதையும் கேட்டுடாத தாயி," என்று கெஞ்சிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கதவைச் சாத்தியதும் டீச்சர் கேட்டார்: "என்ன, அல்சர்னு சொல்லிட்டுப் போறாரா?"

பூனை திருதிருவென்று விழித்தாள். டீச்சர் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, சின்னப் பெண்போல் சிரித்தார்.

"மேசைக்கு அடியில விரல் விட்டு எண்ற பிள்ளைங்களையே புடிச்சவ நான். எங்கிட்ட மறைக்கிறாரு பாரேன். மறைக்கட்டும்மா. அந்த ஒரு வேலைதான் மனுஷனைத் தூக்கி நிறுத்திக்கிட்டு இருக்கு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவாரு. இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது, என்ன?"

தாண்டாது என்று பூனை வாக்குக் கொடுத்தாள். ஆய்வின் விதியும் அதுதான்.

இப்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அன்னிக்குப் பேசினதைப் பதிவு பண்ணினியேம்மா. என்ன பேசினான்னுகூட வேணாம். குரலை மட்டும் ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

பேச்சை எழுத்தாக்கியதும் ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும். பூனை எதையும் தள்ளிப்போடாதவள், அன்றைக்கே அழித்துவிட்டாள். அதை அவரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "பரவால்லம்மா, சட்டம்னா சட்டம்தானே," என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார்.

எழுந்தவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரே ஒரு திருப்தி. கடைசிவரைக்கும் அவளுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன். பயமில்லாமப் போனா." கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்குச் சிரிச்சாளே, வெளிய வரைக்கும் கேட்டுச்சு. அப்படிச் சிரிச்சு எத்தனையோ நாளாச்சு. எதுக்கும்மா சிரிச்சா?"

பூனை தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். டீச்சர் உயிரோடிருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். ஆனால் வருடம் முழுக்க ஆய்வின் விதியைச் சொல்லியே பழகிய வாய் முந்திக்கொண்டது. "அவங்க சொன்னது எதையும் நான் சொல்லக் கூடாதுங்கய்யா."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

"தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லியிருப்பியேம்மா," என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

நாற்காலி பக்கத்தில் இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவேன். அந்த நேரமாப் பாத்து அவ டிவியைச் சத்தமா வெப்பா. காது மந்தமாயிடுச்சு போலன்னு நெனச்சேன்." உதடு கோணிக்கொண்டது. "எனக்காக வெச்சிருக்கா. பயந்திருப்பாளேம்மா. ஒரு வீட்டுக்குள்ள, பக்கத்துல படுத்துக்கிட்டு, தனியாவே பயந்திருக்கா. நான் அல்சர் மாத்திரைன்னு கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

பூனையும் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஆறுதல் பற்றி அவள் படித்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவர் தோளில் கை வைத்தாள். எலும்பு தட்டுப்பட்டது.

பிறகு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தாள். "நீ போம்மா, வேலை இருக்கும்," என்றார். அவள் போகவில்லை. மத்தியான வெயில் சாலையில் பளபளத்தது. அவர் போக வேண்டிய பஸ் வந்து நின்று, காத்திருந்தவர்களெல்லாம் ஏறினார்கள். அவரும் பெஞ்சிலிருந்து எழுந்துபோய் ஒரு காலைப் படியில் வைத்தார். அப்புறம் எடுத்துவிட்டார். டிரைவர் ஒருகணம் பார்த்துவிட்டுக் கதவை மூடினார்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், பழக்கதோஷத்தில் ஓரமாக நகர்ந்து, இடது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டார். அந்த இடத்தில் நிழல் இருந்தது. பூனை அதில் உட்காரவில்லை. வெயிலிலேயே நின்றாள்.