ஜும்ஆ நேரத்தில் உள்ளே இருந்தவர்

வெள்ளிக்கிழமை முஸ்லிம் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டால், மீராமுகைதீன் ஹாஜியாரின் அரிசி ஆலை அலுவலகத்தில் மிஞ்சுவது இரண்டே பேர்: கணினிகளைப் பார்க்கும் றுமானா, கணக்காளர் நல்லரெத்தினம். சேர்வரை நிறுத்தித் திரும்பப் போட அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் யாராவது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது நிறுத்தினால், நிறுத்தினவரின் வேலை போய்விடும். அவளுக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்.

ஆகவே றுமானா கறுப்புத் திரையைத் திறந்து query user என்று அடித்தாள். தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழைந்திருப்பவர் யாரென்று அது முகத்துக்கு நேரே சொல்லிவிடும். வந்தது ஒரே பெயர்: ஹாஜியார். சும்மா இருந்த நேரம் என்ற இடத்தில் வெறும் புள்ளி. அதாவது ஆள் இந்த நிமிஷம் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய அறையை எட்டிப் பார்த்தாள். கணினி அணைந்து கிடந்தது. ஹாஜியார் பள்ளிவாசல் தலைவர், முதல் வரிசையில் இருப்பவர். குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது போனைத் தொட்டவனை ஊரறிய ஏசுகிறவர். அவராக இருக்க வழியே இல்லை. றுமானா கணக்காளரின் மேசைக்கு ஓடினாள்.

"அண்ணன், கள்ளன் பூந்திட்டான்."

"ஹாஜியாருக்குக் கோல் எடுங்க தங்கச்சி."

"குத்பா நடக்குது. எடுப்பாரா?"

"ஓம், அதுவும் சரிதான்," என்று நல்லரெத்தினம் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்.

logoff அடித்தாள். பெயர் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. இவ்வளவு பிடிவாதமான கள்ளனை அவள் கேள்விப்பட்டதேயில்லை. கடவுச்சொல்லையே மாற்றி, கடைசியாக ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, சேர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டாள்.

தொழுகை முடிந்து ஆட்கள் வந்தார்கள். ஹாஜியார் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"என்னய ஆரு வெளிய தள்ளின? கொழும்புக்காரனுக்குப் போன்ல விலை அனுப்பக்குள்ள அறுந்து போச்சு! ஆருக்கு இஞ்ச வேல வேணாம்?"

றுமானா எழுந்து நின்றாள். "நான்தான் ஹாஜியார். குத்பா நேரம் உங்கட பேருல ஆரோ உள்ளுக்கு இரிந்த. நீங்க இல்லதானே, கள்ளன் எண்டு நினைச்சிட்டன்."

பின்னால் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்த நல்லரெத்தினம் மட்டும், மெய்யாகவே விளங்காமல் கேட்டார்:

"குத்பாக்குள்ளயா ஹாஜியார்?"

ஹாஜியார் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்.

"கள்ளன்தான் புள்ள," என்றார். "நல்ல வேல செஞ்ச. நாளைக்கும் வா."