கத்தரிப்பூ நிறப் புகை

முயல்கறிச் சட்டியின் கைப்பிடியில் மஞ்சள் நிறத் துண்டுச்சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. 'மணம் – கிவ் ஆஃப்' என்று எழுதியிருந்தான் விஸ்தின். நசரேனா தலையிலடித்துக்கொண்டாள். கணவன் என்று ஒருவன் கப்பல்துறையில் முப்பது வருஷம் ஆங்கிலேய அதிகாரிகளோடு சண்டை போட்டு இங்கிலீஷ் கற்றுவந்தால் வீடு இப்படித்தான் ஆகும். அடுப்பில் 'வெப்பம் – எமிட்', சோபாவில் தூங்கும் பூனையின் முதுகில் 'முடி – ஷெட்'. பூனை மட்டும் சீட்டைப் பிய்த்துத் தின்றுவிட்டது.

"வெடி விட்டா?" என்றான் விஸ்தின், ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே.

"லெட் ஆஃப்."

"கைதியை விட்டா?"

"ரிலீஸ்."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து விட்டா?"

"டிஸ்சார்ஜ். ஏன்யா, வெடிக் கொட்டகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் வந்துடக் கூடாதுன்னுதான் இந்தப் பரீட்சையே."

மால்டாவில் அந்தச் சின்ன ஊருக்குப் புனிதர்கள் இரண்டு பேர்; ஆகவே பேண்டுக் குழுக்கள் இரண்டு, வெடிக் கொட்டகைகள் இரண்டு, வாய்ச்சண்டைகள் எண்ணிலடங்காதவை. புனித ரோக்கு கொட்டகையில் நசரேனா இருபது வருஷமாகக் காகிதம் சுற்றிக் கயிறு கட்டுகிறாள். ஆனால் திரியில் நெருப்பு வைக்க லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் வாய்மொழித் தேர்வு. இரண்டு முறை போய், இரண்டு முறையும் நாக்கு ஒட்டிக்கொண்டது. 'விடு' என்ற ஒரு சொல்லுக்கான இத்தனை ஆங்கில வார்த்தைகளும் ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு வந்தால் எதுதான் வெளியே வரும்?

போன வருஷத் திருவிழாவில், பட்டப்பகலில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புகைக்குடை வானத்தில் விரிந்து பத்து நிமிஷம் கலையாமல் நின்றது. ஊரே வாயைப் பிளந்தது. அது அவள் செய்தது, ஐந்து குளிர்காலம் கலந்து கலந்து பார்த்துக் கண்டுபிடித்தது. நெருப்பு வைத்தது வேறொருவன். அவள் மதிலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இந்த வருஷம் தன் கையாலேயே விட வேண்டும். திருவிழாவுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

தேர்வு அறைக் கதவைத் திறந்ததும் அவளுக்குப் பகீரென்றது. மேஜைக்குப் பின்னால் ஃபிலிப்பு உட்கார்ந்திருந்தான். எதிர்க்கோஷ்டியான புனித கத்தரினா கொட்டகையின் தலைமை ஆசாமி. பள்ளியில் அவள் பின்னலை இழுத்ததற்காக அவளிடம் கன்னத்தில் அறை வாங்கியவன். இந்த வருஷம் தேர்வாளர் அவன்தான் என்று யாருமே சொல்லவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கொட்டகை மதில் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தாள்.

ஃபிலிப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். ஈரம் பட்ட வெடிமருந்து எதை வெளிவிடும்? அவள் முயல்கறிச் சட்டியை நினைத்தாள்; வார்த்தை வந்தது. சூடேறிய குழாய்? அடுப்பை நினைத்தாள். காற்று ஊர்ப்பக்கம் அடித்தால் விடலாமா? கூடாது, வயல் பக்கம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் வீடு, சாமான் சாமானாக எழுந்து வந்து பதில் சொன்னது. பூனைக்குக்கூட ஒரு கேள்வி கிடைத்தது.

ஃபிலிப்பு கடைசித் தாளைப் புரட்டினான். பேனாவை மூடினான். திடீரென்று ஊர்ப் பேச்சுக்கு மாறினான்.

"நசரேனா, அந்தக் கத்தரிப்பூ புகை. எரியும்போது என்ன வாசனை அடிக்கும்? அதை மட்டும் சொல்லு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் மூக்கு இருப்பவனுக்கு வாசனை போதும். மீதியை அவனே கண்டுபிடித்துவிடுவான். சொன்னால் லைசென்ஸ் கையில். சொல்லாவிட்டால் இன்னொரு வருஷம் மதிலுக்குப் பின்னால். ஆனாலும் எழுந்து, பையைத் தோளில் மாட்டி, ஒரு தடுமாற்றமும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்: அந்தக் கேள்வி உங்கள் தாளில் இல்லை, ஐயா.

ஃபிலிப்பு கன்னத்தைத் தடவிக்கொண்டான். "அன்னைக்கு விட்ட அறை மாதிரியே இருக்கு. போ, தபால்ல வரும்."

எட்டு நாள் அவள் தபால்காரனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் உறை வந்தது. விஸ்தின் பிரித்துப் படித்துவிட்டு, அவள் நெற்றியில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டினான். கண்ணாடியில் பார்த்தாள். 'நசரேனா – லெட் ஆஃப்.' அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

திருவிழா நண்பகல், காற்று வயல் பக்கம் அடித்தது. அவள் திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஓடி வந்தாள். மேலே ஒரு சத்தம். பிறகு கத்தரிப்பூ நிறம் மெல்ல விரிந்தது. கொட்டகை ஆட்கள் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். இத்தனை சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இங்க பாரு, இங்க பாரு," என்று விஸ்தின் தொலைநோக்கியைக் கையில் திணித்தான்.

வயலுக்கு அப்பால் ஃபிலிப்பின் வீடு தனியாக நின்றது. மொட்டைமாடியில் சமையலறை நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றிருந்தான் அவன். புகை அசைந்து அசைந்து அவன் பக்கமாகவே போனது. கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளெல்லாம் இளம் ஊதாவாகிக்கொண்டிருந்தன. கீழிருந்து அவன் மனைவி கைவீசிக் கத்துவது தெரிந்தது. ஃபிலிப்பு கண்ணை மூடி, முகத்தை நன்றாக மேலே தூக்கி, மூக்கு விரிய விரிய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.